மூன்று நாளும் வந்த அக்காவுக்கு

அக்கா,

நேற்று கண் டாக்டரைப் பார்க்கப் போயிருந்தேன். பத்தரை மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஆட்டோ கிடைக்கவில்லை. கிடைத்த ஆட்டோவும் பாதி வழியில் பெட்ரோல் போடப் போய்விட்டது. போய்ச் சேரும்போது மணி பத்து ஐம்பது. கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நீங்க வரலைன்னு போட்டாச்சே ஆன்ட்டி" என்றாள். அவளுக்கு எதிரில்தான் நின்றுகொண்டிருந்தேன். அவளோ அதற்குள் எதையோ தட்டிவிட்டு, "பரவால்ல, உக்காருங்க. உள்ள இருக்கவங்க வந்ததும் அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டாள். பத்து வினாடி வேலை.

உள்ளே டாக்டர் கண்ணில் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு உட்காரச் சொன்னார். மூடிய கண்ணுக்குள் நீங்கள் மீன்கூடையோடு நின்றீர்கள். மருந்தினால் வழிகிறது என்று நினைத்து நர்ஸ் என் கன்னத்தைத் துடைத்துவிட்டாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் காலத்தில் உங்களை வா, போ என்றுதான் பேசினேன். அக்கா என்று ஆரம்பித்து வா, போ என்று முடிப்பேன். டெலிபோனில் கூப்பிடுகிற வீட்டுக்காரர்களுக்கு வாங்க, சொல்லுங்க. கூடை தூக்கி வருகிறவர்களுக்கு வா, நில், நாளைக்கு வா. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை. ஊரே அப்படிப் பேசியது, நானும் பேசினேன். இப்போது எழுபது வயதில், நீங்கள் கேட்க முடியாத இடத்துக்குப் போய் நாற்பது வருடம் ஆன பிறகு, நீங்கள் என்று எழுதுகிறேன். இதிலும் தாமதம்தான்.

நம் பழைய டாக்டரிடம் நான் வேலைக்குச் சேர்ந்தது எழுபதுகளின் நடுவில். பி.யு.சி. படித்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்து, மூக்குக்குப் பொருந்தாத கனமான கண்ணாடியோடு போய் உட்கார்ந்தேன். காரைக்காலில் பாதி ஊருக்கு அவர்தான் குடும்ப டாக்டர். வீட்டின் முன்னறையில் வைத்தியம். வெளியே காம்பவுண்டு சுவர் ஓரமாக வரிசை. வரிசை என்றால் ஆட்கள் நிற்கிற வரிசை இல்லை. நான் முதல் நாள் காலையில் பார்த்தது ஒரு குடை, ஒரு துணிப்பை, ஒற்றைச் செருப்பு, சாக்கட்டியால் குறி போட்ட செங்கல், பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற ஒரு பெரியவரின் கைத்தடி, அப்புறம் விளிம்பு பிய்ந்த ஒரு மூங்கில் கூடை. ஆட்களை எங்கே காணோம் என்று நான் தேடிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பிய்ந்த கூடை உங்களுடையது. வைத்தியம் வேண்டிய நாளில், விடியும்போதே கிளிஞ்சல்மேட்டிலிருந்து தலையில் மீன்கூடையோடு வருகிற வழியில் இந்தப் பழைய கூடையைச் சுவர் ஓரத்தில் வைத்துவிட்டு, தெருத் தெருவாக விற்கப் போய்விடுவீர்கள். உள்ளே ஒருவரைப் பார்த்து முடித்ததும் அங்கே யார் இருக்கிறார்களோ அவர்கள் எல்லாச் சாமானையும் ஓர் அடி முன்னால் நகர்த்துவார்கள். அடுத்தவர் சாமானை முன்னால் நகர்த்தலாம், பின்னால் தள்ளக்கூடாது. சட்டம் அவ்வளவுதான். அதை மீறி நான் ஒருவரையும் பார்த்ததில்லை. உங்கள் கூடை வாசற்படியைத் தொடுகிற நேரத்துக்கு, எப்படித்தான் தெரியுமோ, மீனை விற்றுக் காலிக் கூடையோடு வந்து நிற்பீர்கள். எப்படி என்று ஒருநாள் கேட்டேன். "ஒங்க டாக்டரு ஆளுக்கு ஒரு வெத்தல போடுற நேரம் எடுத்துக்குறாரு. எத்தன சாமான் கெடக்குன்னு எண்ணிட்டுப் போனேன், முடிஞ்சிச்சு" என்றீர்கள். என்னைவிட உங்களுக்குக் கணக்கு நன்றாக வந்தது.

எனக்கு நீங்கள் வைத்த பெயர் கண்ணாடி. "என்ன கண்ணாடி, இன்னைக்கு டாக்டரு நல்ல மொகத்துல இருக்காரா?" என்றுதான் படியேறுவீர்கள். கொஞ்சம் பிரியம் கூடினால் பாப்பா. ஒருநாள் உங்கள் முறை வந்தபோது, மண்டபத்தூரிலிருந்து வந்த கிழவர் ஒருவர் சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். அவருடைய துணிப்பை ஏழெட்டுச் சாமான்களுக்குப் பின்னால் கிடந்தது. நீங்கள் போய் அந்தப் பையை எடுத்து வந்து உங்கள் கூடை இருந்த இடத்தில் வைத்தீர்கள். கூடையைக் கொண்டுபோய் பை இருந்த இடத்தில் வைத்தீர்கள். நான் கிழவரை உள்ளே அனுப்பினேன். அப்போதெல்லாம் நான் முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதைக் கெடுத்தது நான்தான். டாக்டர் இல்லை. அவருக்கு உள்ளே யார் வருகிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படாது.

அந்தக் கைத்தடிப் பெரியவர் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டுப் பிரான்சிலிருந்து திரும்பினார். வந்த வேகத்தில் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்துகொண்டு, அங்கே ராந்தேவு இல்லாமல் யாரும் டாக்டர் வாசலை மிதிக்க முடியாது என்று ஆரம்பித்தார். முன்னாலேயே கேட்டு வாங்குகிற நேரத்துக்கு அவர்கள் பேர் அது. "இங்க என்னம்மா, செருப்பும் செங்கல்லுமுல்ல வைத்தியத்துக்கு நிக்கிது" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்தச் சுவர் ஓரத்துச் சாமான்களுக்கு நான்தான் பொறுப்பு என்பதுபோல ஒரு வெட்கம். அன்று மாலையே டாக்டரிடம் போய், இனிமேல் எல்லோருக்கும் நேரம் குறித்துக் கொடுக்கலாமா என்று கேட்டேன். உன் சௌகரியப்படி செய் என்றார்.

என் சௌகரியப்படி செய்தேன். நீளமான நோட்டு ஒன்று வாங்கி, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். நேரம், பேர், ஊர், குறிப்பு. குறிப்பு என்ற கட்டத்தில் எழுத இரண்டே சொற்கள்தான் வைத்துக்கொண்டேன். 'பார்த்தாயிற்று', 'வரவில்லை'. மூன்றாவதாக ஒரு சொல் வேண்டியிருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சுவர் ஓரத்தில் சாமான் வைக்கக்கூடாது என்று அட்டையில் எழுதிக் கட்டினேன். உங்கள் பிய்ந்த கூடையை நீங்கள் சிரித்துக்கொண்டே எடுத்துப் போனீர்கள். "சரி பாப்பா, இனிமே ஒன் நோட்டுல குந்திக்கிறேன்" என்றீர்கள்.

ஆனால் என் நோட்டில் உங்களுக்கு இடம் இல்லை அக்கா. டெலிபோன் இருக்கிற வீட்டுக்காரர்கள் முதல் நாள் சாயங்காலமே கூப்பிட்டு, சாப்பாட்டுக்கு முன்னால் சௌகரியமான நேரம் எதுவோ அதை வாங்கிக்கொண்டார்கள். ஒன்பதரைக்கு மேல் எல்லாம் அவர்களுக்கே போய்விடும். விடியற்காலையில் நேரில் வந்து கேட்கிறவர்களுக்கு மிச்சம் இருப்பது ஒன்பதும் ஒன்பதே காலும். அந்த நேரத்தில்தான் வீடுகளில் குழம்புக்கு மீன் வாங்குவார்கள்.

அந்த ஆடி மாதத்தில் உங்கள் பாதத்தில் கெளுத்தி முள் ஏறிவிட்டது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டுப் பார்த்துவிட்டு, கேட்கவில்லை என்று வந்தீர்கள். நான் ஒன்பதே காலுக்குச் சீட்டு எழுதினேன். பதினொன்றுக்குப் போடக் கூடாதா என்று கேட்டீர்கள். ஆள் இருக்கிறது என்றேன். "மீனு கூடையில கெடக்கையில நான் எப்புடி வந்து குந்திகிட்டிருக்குறது? வித்துட்டு வரவா, கொட்டிட்டு வரவா?" என்றீர்கள். முடிந்தவரை சீக்கிரம் வா என்றேன். பதினோரு மணிக்கு வந்தீர்கள். உங்கள் பேருக்கு நேரே ஒன்பதரைக்கே 'வரவில்லை' என்று எழுதி முடித்திருந்தேன். நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினேன்.

இரண்டாவது முறையும் அதே கதை. அன்றைக்கு நடையில் ஒரு சாய்வு தெரிந்தது. வலிக்கிறதா என்று கேட்டேன். முள் குத்தினால் வலிக்காமல் என்ன செய்யும் என்றீர்கள். அதை அவ்வளவோடு விட்டுவிட்டேன்.

மூன்றாவது நாளைத்தான் நேற்று முழுவதும் நினைத்துக்கொண்டிருந்தேன். மணி பதினொன்று இருபது. பதினொன்றே காலுக்கு நேரம் வாங்கியிருந்த ஒரு வீட்டுக்காரர்கள் வரவில்லை. உள்ளே டாக்டர் சும்மா உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார்; தாள் புரட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. நீங்கள் படியில் நிற்கிறீர்கள். காலைச் சுற்றித் துணி கட்டியிருந்தது. மீன் வாடையோடு வேறொரு வாடையும் வந்தது. உள்ளே போ அக்கா என்று நான் சொல்லியிருந்தால் போதும். எழுந்திருக்கக்கூட வேண்டாம். ஆனால் அந்த நேரம் அவர்களுடையது, இன்றைக்கு உங்களை விட்டால் நாளைக்கு எல்லோரும் இஷ்டப்பட்ட நேரத்துக்கு வந்து நிற்பார்கள், நான் கோடு போட்டது எல்லாம் வீண் என்று என் புத்தி போயிற்று. அக்கா, நேரம் போயிடுச்சு, நாளைக்கு வா என்றேன்.

நீங்கள் கோபப்படவில்லை. சிரிக்கத்தான் செய்தீர்கள். "கண்ணாடி போட்டா கண்ணு தெரியும்னாங்க. எதிர்ல நிக்கிறவ ஒனக்குத் தெரியலியே பாப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கினீர்கள். ஒரு படிக்கு ஒரு தடவை நின்று இறங்கினீர்கள். நான் நோட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டேன்.

நாலாவது தடவை நீங்கள் வரவில்லை. காய்ச்சலில் நினைவு தப்பி, வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள் என்று தெருவில் மீன் விற்கிற இன்னொரு அம்மா சொன்னார். ரத்தத்தில் சர்க்கரை இருந்திருக்கிறது, உங்களுக்கே தெரியாது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கேட்ட அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை. ஆனால் யாரிடமும் எதையும் சொல்லவும் இல்லை.

பிறகு உங்கள் மகன் வந்தார். விசைப்படகில் போகிறவர், படித்தவர், நல்ல உயரம். டாக்டரிடம் போகச் சொல்லி உங்களை விரட்டிக்கொண்டே இருந்தவர் அவர்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. உங்களுக்காகச் சண்டை போட வந்திருந்தார். முன்னறை முழுக்க ஆட்கள். "எங்கம்மா மூணு தடவ வந்துச்சுங்க. மூணு தடவயும் திருப்பி அனுப்புனீங்க. காலு போச்சு" என்றார். டாக்டர் சத்தம் கேட்டு வெளியே வந்தார். வந்தாங்களா என்று என்னைப் பார்த்தார்.

இரண்டே எழுத்தில் பதில் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்று பயந்தேனா, அத்தனை பேருக்கு முன்னால் தலை குனிய முடியவில்லையா, எனக்கே இன்னும் விளங்கவில்லை. நோட்டைத் திருப்பி உங்கள் மகன் பக்கம் நகர்த்தினேன். அவர் விரல் வைத்துப் படித்தார். மூன்று தேதிகள், மூன்று இடத்தில் உங்கள் பேர், மூன்று 'வரவில்லை'. அச்சடித்த மாதிரி என் கையெழுத்து. மறுபடியும் முதலிலிருந்து படித்தார். முகத்தில் இருந்த கோபம் இறங்கி வேறு ஏதோ ஆகிவிட்டது. "தப்பாப் பேசிட்டேங்க. மன்னிச்சுக்குங்க" என்று என்னிடம் சொன்னார். நான் தலையை ஆட்டினேன். அவரை நான் மன்னித்தேன் அக்கா.

இரண்டு வருடம் கழித்து நான் கிளிஞ்சல்மேட்டுக்கு வந்தது உங்களுக்கு நினைவிருக்கும். வலைக்குப் பக்கத்தில் காலை மடக்கினாற்போல் புடவையை இழுத்து மூடிக்கொண்டு, கருவாட்டைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் கண்ணாடி என்றுதான் கூப்பிட்டீர்கள். அந்த ஒரு சொல்லுக்கே நான் அழுதுவிட்டேன். நோட்டில் என்ன எழுதினேன், உங்கள் மகனிடம் எதைக் காட்டினேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் கருவாட்டைக் கீழே வைத்தீர்கள். திட்டுவீர்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"காலு போனது கெடக்கட்டும் பாப்பா. அவன் நான் பொய் சொன்னேன்னு நெனச்சுகிட்டிருக்கான். போறேன் போறேன்னு அவனுக்குப் போக்குக் காட்டிட்டு ஊரச் சுத்துனேன்னு நெனச்சுகிட்டிருக்கான். எங்கிட்ட மொகங்குடுத்துப் பேச மாட்டேங்குறான். நான் சொன்னா நம்ப மாட்டான், நோட்டுல கண்ணால பாத்துட்டான். நீ வந்து ஒரு வார்த்த சொல்லிடு. அம்மா வந்துச்சுன்னு சொல்லு, போதும்" என்றீர்கள்.

அன்றைக்கு அவர் கடலில் இருந்தார். அடுத்த வாரம் கட்டாயம் வருகிறேன் அக்கா என்று உங்கள் கையைப் பிடித்துச் சொன்னேன். கிளம்பும்போது ஓலைப் பெட்டியில் கருவாடு கட்டிக் கொடுத்தீர்கள்.

அடுத்த வாரம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். அதற்கடுத்த வாரம் மழை. பிறகு கல்யாணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்கு என்னைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னவரே டாக்டர்தான். உங்கள் மகன் கோபத்தில் மறுபடியும் அங்கே வந்து சத்தம் போட்டால் என்ன ஆகும் என்று நினைத்தேன். கல்யாணம் முடியட்டும் என்று இருந்தேன். முடிந்தது. மசக்கை தீரட்டும் என்று இருந்தேன். அதுவும் தீர்ந்தது. ஒருநாள் கடைத்தெருவில் அவர் எதிரே வந்தார். நான் துணிக்கடைக்குள் நுழைந்து, வேண்டாத புடவையை எல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு, அவர் கடந்து போகும் வரை நின்றேன். உங்களுக்கு நான் சொன்ன நாளைக்கு வா என்ற அதே வார்த்தையைத்தான் இரண்டு வருடம் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்களோ அங்கே ஒவ்வொரு வாரமும் வாசலைப் பார்த்திருப்பீர்கள்.

நீங்கள் போய்விட்டீர்கள் என்று கேள்விப்பட்டு, கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டு ஓடி வந்தேன். எல்லாம் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உங்கள் மகன் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் ஓரம் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு எழுந்தார். மரியாதைக்கு எழுந்தார். நின்றபடியே சொல்லிவிட்டேன். உங்க அம்மா வந்தாங்க, மூணு நாளும் வந்தாங்க, நேரம் தப்பிடுச்சுன்னு நான்தான் திருப்பி அனுப்புனேன், நோட்டுல வரவில்லைன்னு எழுதுனதும் நான்தான் என்று சொன்னேன். அடிப்பார் என்றுகூட நினைத்தேன்.

அவர் மெல்ல மறுபடியும் உட்கார்ந்துகொண்டார். என்னைத் திட்டவில்லை. ஏன் இப்போது வந்து சொல்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. மணலைப் பார்த்துக்கொண்டே, "நாலு வருசமா அது சோறு போட்டா திம்பேங்க. தின்னுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். ஒரு நாளு அம்மான்னு கூப்புடலைங்க" என்றார்.

அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. டாக்டர் காலமானதும் அந்த வீட்டை இடித்துவிட்டார்கள். நோட்டு எந்தக் குப்பைக்குப் போனதோ தெரியாது. நான் பிள்ளைகளை வளர்த்தேன், பேரப்பிள்ளைகளைப் பார்த்தேன். என்னை யாரும் எதற்கும் குற்றம் சொன்னதில்லை. அந்தச் சங்கதி தெரிந்தவர்கள் நீங்களும் உங்கள் மகனும் மட்டும்தான். இரண்டு பேருமே என்னைத் திட்டவில்லை.

அக்கா, நீங்கள் வந்தீர்கள். மூன்று நாளும் வந்தீர்கள். பெற்ற மகன் உங்களை அம்மா என்று கூப்பிடாத அந்த நான்கு வருடத்தை நான்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன்.